சிறுவயதில் நடந்தது, படத்தில் வருவதுபோல ஒரே நொடியில் திரும்பி வருமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதை மட்டும் வாசிப்பவர்களுக்கும் விளங்கட்டும். முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் பல வருடங்களுக்குப் பிறகு தாத்தா வீட்டுக்குப் போகிறாள். மாடிப்படியில் ஒரு வாசனை. அந்த நொடியே, எட்டு வயதில் உறவினர் ஒருவர் தனக்குச் செய்தது முழுவதும் வரிசையாக ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. அதுவரை அவளுக்கு ஒன்றுமே தெரியாது. இப்படி ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, உண்மையிலும் இப்படித்தான் நடக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: எட்டு வயதுக்கு முந்தியது எனக்கும் அவ்வளவாக ஞாபகமில்லை. படத்தைப் பற்றிய கேள்விக்குள் உங்களைப் பற்றிய கேள்வியும் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு இரண்டுக்கும் எழுதுகிறேன். உங்களுடையதை முதலில் முடித்துவிடலாம். எட்டு வயதுக்கு முன் அதிகம் ஞாபகமில்லாதது எதற்கும் அடையாளமல்ல.

பெரியவர்களிடம் கேட்டால், தங்கள் மிகப் பழைய ஞாபகமாக அவர்கள் சொல்வது சராசரியாக மூன்று, மூன்றரை வயதில் நடந்ததாக இருக்கும். அதற்குப் பிறகும் ஆறேழு வயது வரை ஞாபகங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். இது எல்லோருக்கும் பொது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1998இல் வெளியான ஓர் ஆய்வில், சிலரிடம் சிறுவயதுச் சம்பவங்கள் நான்கையும் வேறு சிலரிடம் பன்னிரண்டையும் நினைத்துச் சொல்லும்படி கேட்டார்கள். பன்னிரண்டு சொன்னவர்கள்தான், அதிகம் சொல்லியும், தங்களுக்குச் சிறுவயது சரியாக ஞாபகமில்லை என்று முடிவுகட்டினார்கள். தேடுவதற்குப் பட்ட கஷ்டத்தை ஞாபகமின்மையாக எடுத்துக்கொண்டார்கள். படம் பார்த்துவிட்டு இரவெல்லாம் விழித்திருந்து சிறுவயதைக் கிளறுகிறவருக்கும் இதே முடிவுதான் கிடைக்கும். இன்னொன்று, சிறுவயது ஞாபகம் தானாக நிற்பதில்லை. வீட்டில் திரும்பத் திரும்பக் கதைப்பதாலும் போட்டோக்களைப் பார்ப்பதாலும் நிற்கிறது. 1983 ஜூலை இனக்கலவரத்தில் கொழும்பின் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் உடுத்த உடுப்போடு வெளியேறிய குடும்பங்களில் அல்பம் என்று ஒன்று மிஞ்சவில்லை. அந்த வீட்டைப் பற்றிக் கதைப்பதையே பலர் நிறுத்திவிட்டார்கள். பிறகு வந்த யுத்த வருடங்களில் ஊர் மாறி, பள்ளிக்கூடம் மாறி, கொட்டாஞ்சேனை லொட்ஜ் அறைகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கும் அப்படித்தான். கொழும்புத் தமிழர்களிடையே சிறுவயது வெறுமையாகத் தெரிவதற்கு இப்படி எத்தனையோ காரணம் இருக்கும்போது, நேரே துஷ்பிரயோகத்துக்குத் தாவ வேண்டியதில்லை.

இனிப் படத்துக்கு வருவோம். சினிமா ஞாபகத்தைப் பூட்டிய அலுமாரியாக நினைக்கிறது: நடந்தது உள்ளே மடிப்புக் கலையாமல் இருக்கும், சாவி கிடைத்தால் அப்படியே எடுத்து விரிக்கலாம். இந்த எண்ணம் பழையது. சிறுவயதுப் பாலியல் அனுபவத்தின் அமுக்கப்பட்ட ஞாபகமே ஹிஸ்டீரியாவுக்குக் காரணம் என்று 1896இல் ஃபிராய்ட் எழுதினார்; மறு வருடமே அதிலிருந்து பின்வாங்கினார். சினிமா பின்வாங்கவில்லை. ஹிட்ச்கொக்கின் 'மார்னி'யில் (1964) சிவப்பு நிறத்துக்கும் இடிக்கும் நடுங்கும் பெண்ணுக்கு, தாயின் வீட்டில் வைத்துக் கடைசிக் காட்சியில் எல்லாம் திரும்பி வருகிறது. நம்முடைய 'அந்நியன்' (2005) துஷ்பிரயோகம் பற்றிய படமல்ல, ஆனால் வைத்தியர் அறிதுயிலில் (ஹிப்னோட்டிசம்) ஆழ்த்தியதும் சிறுவயதுச் சம்பவம் முழுசாக, பின்னணி இசையோடு, ஓடுகிறது. திரைக்கதைக்கு இது வசதி. மறந்திருந்தால்தான் மர்மம்; மர்மம் இருந்தால்தான் இடைவேளைக்குப் பிறகு பிளாஷ்பேக். ஒரு பெண்ணுக்கு நடந்தது இருபத்தைந்து வருடமாக நன்றாகத் தெரியும், ஆனால் சொல்லவில்லை என்று கதை வைத்தால், இயக்குநர் அந்த இருபத்தைந்து வருடத்தையும் அல்லவா காட்ட வேண்டும்.

உண்மையில் பெரும்பாலானோருக்கு நடப்பது அந்த இரண்டாவதுதான். இதைக் கண்டுபிடிக்கச் சரியான வழி, இப்போது பெரியவர்களாக இருப்பவர்களிடம் கேட்பதிலிருந்து தொடங்குவதல்ல. சிறுவயதிலேயே ஆஸ்பத்திரியிலோ நீதிமன்றத்திலோ பதிவானவர்களைப் பல வருடம் கழித்துத் தேடிப்போய்க் கேட்பது. அமெரிக்காவில் லிண்டா மெயர் வில்லியம்ஸ் அப்படிச் செய்து 1994இல் வெளியிட்டார். 1970களில் ஆஸ்பத்திரியில் பதிவான 129 பெண்களை ஏறத்தாழ 17 வருடம் கழித்துக் கேட்டபோது, 38 சதவீதமானோர் அந்தப் பதிவான சம்பவத்தைச் சொல்லவில்லை. மறதிக்கு ஆதாரம் என்று எல்லோரும் எடுத்துக்காட்டும் எண் இது. ஆனால் அந்த 38க்குள் யார் யார் என்று பார்க்க வேண்டும். சம்பவத்தின்போது மிகச் சிறிய குழந்தையாக இருந்தவர்கள் அதில் உண்டு. அந்தச் சம்பவத்தைச் சொல்லாமல் வேறொரு துஷ்பிரயோகத்தைச் சொன்னவர்கள்தான் அதில் பெரும்பான்மை. தெரிந்தும் முன்பின் அறியாதவரிடம் சொல்ல விரும்பாதவர்களும் இருந்திருப்பார்கள். தனக்கு அப்படி எதுவுமே நடந்ததில்லை என்று சொன்னவர்கள் மொத்தத்தில் 12 சதவீதம். கெயில் குட்மனும் அவரது குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், வழக்குப் பதிவான 175 பேரில் 81 சதவீதமானோர் நடந்ததைச் சொன்னார்கள். சம்பவத்தின்போது வயது கூடியிருந்தவர்களும், தாயின் ஆதரவு கிடைத்தவர்களும், கடுமையான துஷ்பிரயோகத்துக்கு ஆளானவர்களும்தான் அதிகமாகச் சொன்னார்கள். கொடுமை கூடக் கூட மனம் அதை அழித்துவிடும் என்ற சினிமாக் கணக்குக்கு இது நேரெதிர். ஆகவே உறுதியாகச் சொல்லக்கூடியது: பெரும்பாலானோர் மறப்பதில்லை, ஒரு பகுதியினருக்கு ஞாபகம் இல்லாமலும் போகிறது.

அப்படியென்றால் முப்பது வயதில் திடீரென்று உடைந்துபோகிறவர்களுக்கு என்ன நடக்கிறது? பல சமயம் திரும்பி வருவது சம்பவமல்ல, அதன் பொருள். ஏழு வயதுப் பிள்ளைக்கு நடந்தது என்னவென்று தெரியாது. கூச்சமாக, அருவருப்பாக, விளங்காத ஒரு விளையாட்டாக அது மனதில் கிடக்கும். செய்தவர் அன்பானவர், டொஃபி வாங்கித் தருகிறவர் என்றால் குழப்பம் இன்னும் கூடும். வருடக்கணக்காக அதை நினைக்காமலும் இருக்கலாம். நினைக்காமல் இருந்தது வேறு, ஞாபகம் அழிந்தது வேறு. பிறகு சுகாதாரப் பாடத்தில் ஒரு வரி, செய்தியில் ஒரு வழக்கு, அல்லது தன் சொந்த மகள் அதே வயதுக்கு வந்து நிற்பது. அப்போதுதான் அதற்குப் பெயர் கிடைக்கிறது, அதிர்ச்சியும் அப்போதுதான் தொடங்குகிறது. ரிச்சர்ட் மக்னலி போன்ற ஞாபக ஆய்வாளர்கள் இந்த விளக்கத்தைத்தான் முன்வைக்கிறார்கள். இம்தியாஸ் அலியின் 'ஹைவே' (2014) இதற்கு மிகக் கிட்ட வருகிறது. வெளிநாட்டுச் சொக்லேட் கொண்டுவரும் மாமாவை அந்தப் பெண் ஒருநாளும் மறக்கவில்லை. அம்மாவிடம் சொன்னாள், யாரிடமும் சொல்லாதே என்று அம்மா அடக்கிவிட்டாள். மீரா நாயரின் 'மொன்சூன் வெடிங்'கில் (2001) ரியாவும் மறக்கவில்லை. அதே மாமா வீட்டிலுள்ள சின்னப் பெண்ணைச் சுற்றத் தொடங்குவதைக் கண்ட பிறகுதான் வாய் திறக்கிறாள். உளவளத்துணையில் இருப்பவர்களுக்கு மிகவும் பழக்கமான வரிசை இது: தனக்காகச் சொல்லாதவர் இன்னொரு பிள்ளைக்காகச் சொல்வார். டென்மார்க்கின் 'ஃபெஸ்டன்' (1998) இன்னும் ஒரு படி போகிறது. தந்தையின் அறுபதாவது பிறந்தநாள் விருந்தில் மூத்த மகன் எழுந்து சொல்லிவிடுகிறான். கேட்டவர்கள் கொஞ்சம் தடுமாறிவிட்டுத் தொடர்ந்து சாப்பிடுகிறார்கள். மறதி குடும்பத்தினுடையது, பாதிக்கப்பட்டவனுடையதல்ல. நம்முடைய கலியாண வீடுகளிலும் சாமத்திய வீடுகளிலும் முன்வரிசைக் கதிரை யாருக்குப் போகிறது என்று பார்த்தவர்களுக்கு அந்த விருந்து அந்நியமாகத் தெரியாது.

ஞாபகம் எப்படி வேலை செய்கிறது என்பதை மிகத் துல்லியமாகக் காட்டிய படம் எது என்று கேட்டால் நான் ஜெனிஃபர் ஃபொக்ஸின் 'த டேல்' (2018) என்பேன். இயக்குநர் தன் சொந்த அனுபவத்தை எடுத்த படம், லோரா டேர்ன் நடித்தது. கதாநாயகி எதையும் மறக்கவில்லை. பதின்மூன்று வயதில் தனக்கு வயது கூடிய ஒருவரோடு உறவு இருந்தது என்பதை அவள் மறைப்பதுகூட இல்லை. அதை ஒரு காதல் உறவாக வைத்திருக்கிறாள். அவள் பள்ளிக்கூடத்துக்கு எழுதிய கதையைத் தாய் கண்டெடுத்த பிறகுதான் எல்லாம் ஆட்டம் காண்கிறது. முதலில் வரும் பிளாஷ்பேக்கில் வளர்ந்த பெண்ணாகத் தெரியும் ஒருத்தி நடிக்கிறாள். பிறகு தாய் பழைய போட்டோவைக் காட்டுகிறாள்: நீ அப்போது இப்படித்தான் இருந்தாய். அதே காட்சி மறுபடி வருகிறது, இப்போது உடலில் குழந்தைத்தனம் மாறாத ஒரு சிறுமியோடு. பார்க்கிறவருக்கு வயிற்றைப் பிசையும் இடம் அது. நாம் ஞாபகத்தில் நம்மையே வயது கூட்டி, துணிச்சல் கூட்டி வைத்திருப்போம், அப்போதுதான் 'நானே விரும்பிப் போனேன்' என்று சொல்லிக்கொள்ள முடியும். ஞாபகம் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுகிறது என்பதை 1932இலேயே உளவியலாளர் பார்ட்லெட் விளக்கிவிட்டார். பாடப்புத்தகங்கள் பக்கம் பக்கமாகச் சொல்வதை இந்தப் படம் ஒரு நடிகையை மாற்றிச் சொல்லிவிடுகிறது. வீட்டில் பழைய போட்டோ இருப்பவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு: தன்னையே குற்றம் சொல்லும் ஒருவருக்கு ஆயிரம் ஆறுதல் வார்த்தையைவிட, அந்த வயதில் எடுத்த ஒரு போட்டோவோ, இன்று அதே வயதிலிருக்கும் ஒரு பிள்ளையைக் கவனித்துப் பார்ப்பதோ சில சமயம் கூடுதலாக உதவும். ஆனால் அதைத் தனியாக, நடுச்சாமத்தில் செய்ய வேண்டாம்.

மறுபக்கத்தில் கிரெக் அராக்கியின் 'மிஸ்டீரியஸ் ஸ்கின்' (2004). ஒரே பயிற்றுநரால் பாதிக்கப்பட்ட இரண்டு எட்டு வயதுப் பையன்கள். ஒருவனுக்கு எல்லாம் ஞாபகம், அதை அன்பென்று நினைக்கிறான். மற்றவனுக்கு ஐந்து மணி நேரம் காணாமல் போயிருக்கிறது. வேற்றுக்கிரகவாசிகள் தன்னைத் தூக்கிப்போனார்கள் என்று நம்புகிறான். முதலாமவனைப் பற்றி மறுப்பேதும் இல்லை. இரண்டாமவனைப் போன்றவர்கள் விடயத்தில் உளவியல் துறைக்குள்ளேயே சண்டை. அதிர்ச்சியின்போது மனம் விலகி நிற்பதால் ஞாபகம் சரியாகப் பதியாமலோ, பதிந்தும் எட்டாமலோ போகலாம் என்று ஒரு தரப்பு. உளமருத்துவக் கையேடுகளில் அதற்கு ஒரு நோய்ப் பெயரும் உண்டு. தினமும் சாப்பாடு போடும் ஆளே தீங்கு செய்யும்போது, அந்த உறவைக் காப்பாற்றவே பிள்ளை அதை அறியாமலிருக்கப் பழகுகிறது என்பது 1996இல் ஜெனிஃபர் ஃப்ரைட் முன்வைத்த விளக்கம். மறுதரப்போ, சாதாரண மறதியும் நினைக்காமல் தவிர்ப்பதும் பிள்ளைக்குப் பொருள் விளங்காமையுமே இதற்குப் போதும், தனியாக ஓர் 'அமுக்கும்' இயந்திரத்துக்குச் சான்று இல்லை என்கிறது. நான் இரண்டாவது தரப்பின் பக்கம் சாய்கிறேன். ஆனால் இந்த வழக்குத் தீர்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எந்த வகையில் திரும்பிய ஞாபகத்தை நம்பலாம் என்பதில் ஓரளவு வெளிச்சம் உண்டு. 2007இல் எல்கே கெரார்ட்ஸ் குழுவினர் மூன்று வகையினரை எடுத்து, அவர்கள் சொன்னதற்கு வெளிச்சான்று கிடைக்கிறதா என்று தேடினார்கள்: அதே ஆளால் பாதிக்கப்பட்ட இன்னொருவர், செய்தவரின் ஒப்புதல், அப்போதே கேட்டறிந்த ஒருவர் என்று. எப்போதும் ஞாபகம் வைத்திருந்தவர்களில் 45 சதவீதமானோருக்குச் சான்று கிடைத்தது. உளச்சிகிச்சைக்கு வெளியே, எதிர்பாராமல் ஞாபகம் வந்தவர்களில் 37 சதவீதம், பெரிய வித்தியாசமில்லை. உளச்சிகிச்சை அமர்வுக்குள் ஞாபகத்தை 'மீட்ட' 16 பேரில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. பதினாறு பேர் என்பது சிறிய தொகைதான், சான்று கிடைக்காததெல்லாம் பொய்யென்றும் ஆகாது. ஆனாலும் இது படங்களில் வருவதற்கு நேர்மாறு. திரையில் வைத்தியரின் நாற்காலியில் வருவதுதான் சத்தியம்.

அந்த நாற்காலிதான் ஆபத்தான இடம். அறிதுயில் ஞாபகத்தின் துல்லியத்தைக் கூட்டுவதில்லை. சொல்கிறவரின் நிச்சயத்தைக் கூட்டுகிறது. 1995இல் ஞாபக ஆய்வாளர்களான லொஃப்டஸும் பிக்ரெலும் 24 பேரிடம், குடும்பத்தார் தந்த மூன்று உண்மைச் சம்பவங்களோடு, ஐந்து வயதில் கடைத்தொகுதியில் தொலைந்துபோனதாக ஒரு பொய்யையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஏறக்குறைய நான்கில் ஒருவர் அதையும் ஞாபகமாக ஏற்றுக்கொண்டார். இதை எடுத்துக்கொண்டு துஷ்பிரயோக ஞாபகமெல்லாம் புனைவு என்று பாயவும் கூடாது. வெட்கத்துக்குரிய, வழக்கமில்லாத ஒரு சம்பவத்தை அப்படி நடுவது மிகவும் கஷ்டம் என்று 1997இல் கேத்தி பெஸ்டெக் காட்டினார். ஆபத்து எங்கே என்றால், மாதக்கணக்காக, நம்பிக்கைக்குரிய ஒருவர், 'உங்கள் அறிகுறிகளைப் பார்த்தால் ஏதோ நடந்திருக்கிறது, கண்ணை மூடி அந்த அறையைக் கற்பனை செய்யுங்கள்' என்று திரும்பத் திரும்பக் கேட்பதில். 1990களில் அமெரிக்காவில் குடும்பங்கள் இப்படித்தான் நாசமாயின. உண்மையாகவே பாதிக்கப்பட்டவர்களின் வாயையும் அந்தக் கூத்து சேர்த்து அடைத்தது. இங்கே அறிதுயில் செய்கிறவர்கள் மட்டுமல்ல, முற்பிறவி சொல்கிறவர்களும் குறி சொல்கிறவர்களும் இதே வேலையைச் செய்கிறார்கள்.

ஞாபகம் உண்மையாக இருக்கும்போதும் அது படக்காட்சி மாதிரி இருப்பதில்லை. கடும் பயத்தில் கவனம் குறுகிவிடும். நடுவில் இருந்தது ஆழமாகப் பதியும்: ஒரு கை, ஒரு சவர்க்கார மணம், கூரை விசிறியின் சத்தம். ஓரத்தில் இருந்தவை, அதாவது தேதி, உடுப்பின் நிறம், முன்னால் என்ன பின்னால் என்ன என்ற வரிசை, நிற்பதில்லை. திரும்பத் திரும்ப நடந்தது என்றால் தனித்தனிச் சம்பவங்கள் கரைந்து, 'ரியூஷன் முடிந்ததும் இப்படி நடக்கும்' என்று ஒரு பொது வடிவம் மட்டும் மிஞ்சும். ஐம்பது தடவை பள்ளிக்கூட வேனில் போனவருக்கு இருபத்துமூன்றாவது பயணம் ஞாபகமிருக்காது, அதே காரணம்தான். புதுக்கடை நீதிமன்றத்தில் குறுக்குவிசாரணை செய்கிறவர் பிடித்துக்கொள்வது இந்த ஓரத்தைத்தான்: எந்த மாதம், மழையா வெயிலா, கதவு எந்தப் பக்கம் திறக்கும். ஓரம் பிழைத்தால் நடுவும் பொய் என்பது வாதத்துக்கு நல்லது, ஞாபக அறிவியலில் அதற்கு இடமில்லை. பிள்ளையின் ஆரம்ப விசாரணையை வீடியோவில் பதிந்து சான்றாக ஏற்க 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம் இடம் தருவதன் பயனும் இதில்தான்: வருடங்கள் இழுபடும் வழக்கில் ஓரங்கள் உதிர்வதற்கு முன்பே பிடித்துவைக்கலாம். படங்களில் கமரா வெளியே நின்று முழு அறையையும் காட்டுவது தவறா என்று கேட்டால், முழுத் தவறுமல்ல. பழைய ஞாபகங்களில் நம்மையே வெளியிலிருந்து பார்ப்பது சகஜம் என்று 1983இல் நைக்ரோவும் நைசரும் எழுதினார்கள். அதிர்ச்சி ஞாபகங்களிலும் சிலர் கூரையிலிருந்து பார்த்ததுபோலச் சொல்வார்கள். தவறு அந்த முழுமையில், வரிசையில்.

நீடித்த பாதிப்பைப் பற்றிப் படங்கள் சொல்வதில் இரண்டு சங்கதி எனக்கு எரிச்சலைத் தருகின்றன. ஒன்று, பாதிக்கப்பட்ட சிறுவன் வளர்ந்து கொலைகாரனாவது. தொடர்கொலைப் படம் எடுக்கிறவர்களுக்கு இது கைவசமுள்ள காரணம். பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. இந்தக் கதையின் விளைவு, ஆண் பிள்ளைகள் இன்னும் இறுக்கமாக வாயை மூடிக்கொள்வது. மற்றது, சொல்லிவிட்டால் குணமாகிவிடும் என்ற முடிவு. உண்மையில் எஞ்சுவது பெரும்பாலும் சின்னச் சின்னதாக இருக்கும்: ஒரு குறிப்பிட்ட மணத்துக்கு உடல் விறைப்பது, பல் வைத்தியரின் நாற்காலியில் சாய முடியாமை, தூக்கம், காரணமில்லாத வெட்கம். ஞாபகத்திலேயே ஒரு மாற்றமும் உண்டு, அதை எந்தப் படமும் காட்டி நான் பார்த்ததில்லை. மனச்சோர்வு உள்ளவர்களிடம், அதிலும் சிறுவயது மனவடு உள்ளவர்களிடம், 'சந்தோஷமாக இருந்த ஒரு நாளைச் சொல்லுங்கள்' என்றால் நாள் வராது. 'லீவு நாட்களில் சந்தோஷமாக இருந்தேன்' என்று பொதுவாகத்தான் வரும். கெட்டதைத் தவிர்க்கப் பழகிய மனம் நல்லதையும் விவரத்தோடு எடுக்கத் தயங்குகிறது. மூளையில் ஹிப்போகம்பஸ் என்ற ஞாபகப் பகுதி சுருங்கிவிடும் என்று யூடியூப் காணொளிகளில் அடித்துச் சொல்வார்கள். சராசரியில் சிறிதாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்வது சரி. ஆனால் எது முந்தியது? 2002இல் வியட்நாம் போருக்குப் போன சிப்பாய்களையும் போகாத அவர்களுடைய ஒத்த இரட்டையர்களையும் ஒப்பிட்டபோது, மனவடு நோய் கடுமையாக இருந்தவர்களின் போருக்குப் போகாத இரட்டையருக்கும் அந்தப் பகுதி சிறிதாகவே இருந்தது. அது போரில் மனவடுபட்ட பெரியவர்களைப் பற்றிய ஆய்வு, பிள்ளைகளைப் பற்றியதல்ல. ஆனாலும் 'மூளை பழுதாகிவிட்டது' என்று யாரிடமும் சொல்வதற்கு முன் யோசிக்க வைக்கும்.

தமிழ்ப் படங்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 'கார்கி' (2022), 'சித்தா' (2023) இரண்டும் அக்கறையோடு எடுத்த படங்கள், ஆனால் அவை ஞாபகத்தைப் பற்றியவை அல்ல. இப்போது ஒரு பிள்ளைக்கு நடந்தால் சுற்றியிருப்பவர்கள் என்ன ஆவார்கள் என்பதைப் பற்றியவை. 'சித்தா'வில் சந்தேகம் ஒரு தவறான ஆள்மேல் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளையிடம் பெரியவர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்பதிலேயே அந்த விபத்துக்குப் பாதி வழி திறந்துவிடும். 'மாமா தொட்டாரா?' என்று கேட்காதீர்கள். அதில் பதிலும் ஆளும் கேள்விக்குள்ளேயே இருக்கின்றன. 'என்ன நடந்தது என்று சொல்லு', 'பிறகு?', 'அதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லு', இவ்வளவு போதும். பிள்ளை சொன்னதை அதன் சொற்களிலேயே, நேரத்தோடு எழுதிவையுங்கள். அம்மா ஒருமுறை, அப்பா ஒருமுறை, பெரியம்மா ஒருமுறை என்று கேட்டால் பிள்ளையின் பதில் மாறத் தொடங்கும், அதுவே பிறகு அதற்கு எதிராகத் திரும்பும். சம்பந்தப்பட்டவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அண்மையில் நடந்தது என்றால் உடுப்பைக் கழுவாமல் காகிதப் பையில் போட்டு, அன்றைக்கே அரச ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டியிருக்கலாம், சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையும் அங்கேதான். இலங்கையின் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. எடுத்தவுடனேயே தமிழில் கதைக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

நடிக்கும் பிள்ளையைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் ஒரு படம் இந்த விடயத்தை எவ்வளவு விளங்கி எடுத்தது என்பது அங்கேதான் தெரியும். 'த டேல்' படத்தில் அந்தக் காட்சிகளுக்கு வயதுவந்த ஒருவரைப் பதிலியாக வைத்தார்கள், அதைப் படத்தின் முடிவில் எழுத்திலும் போட்டார்கள். அராக்கி சிறுவர்களைத் தனியாகக் கமராவைப் பார்த்து நடிக்கவைத்து, காட்சியின் பொருள் அவர்களுக்குத் தெரியாதபடி பிறகு வெட்டி ஒட்டினார். அசோக ஹந்தகமவின் 'அக்ஷரய' என்ற சிங்களப் படம் 2006இல் இங்கே தடைபட்டபோது நடந்த வாக்குவாதத்தில், தாயும் மகனும் வரும் குளியல் காட்சியில் ஒரு சிறுவனை நடிக்கவைத்தது பெரிய பங்கு வகித்தது. தடை சரியா என்பது வேறு சங்கதி. எனக்குத் தடைகளில் நம்பிக்கை இல்லை. அந்தச் சிறுவனைப் பற்றிய கேள்வி நியாயமானதுதான்.

கடைசியாக, படம் பார்த்து உங்களுக்கு ஏதாவது கிளறுப்பட்டிருந்தால். அந்த நேரத்தில் பாதத்தை நிலத்தில் அழுத்தி வைத்து, கண்ணில் படும் ஐந்து பொருட்களை வாய்விட்டுப் பெயர் சொல்லுங்கள். மூச்சு இறங்கிய பிறகு மற்றதை யோசிக்கலாம். உங்களுக்கு ஏற்கெனவே ஞாபகத்தில் இருப்பதை, யாரோடும் கதைப்பதற்கு முன், தேதி போட்டு எழுதுங்கள். எது நிச்சயம், எது ஊகம், எது பிறர் சொன்னது என்று பிரித்து எழுதுங்கள். இல்லாததைத் தேடிப் போகாதீர்கள். உளவளத்துணையாளரைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் சந்திப்பிலேயே, ஞாபகங்களை மீட்க நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அறிதுயில், வழிகாட்டிய கற்பனை என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926ஐ எந்த நேரமும் அழைக்கலாம். நடந்தது நிச்சயம், ஆனால் பல வருடமாகிவிட்டது என்றால், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று நீங்களாகவே முடிவெடுக்க வேண்டாம்; வழக்குக்குக் கால எல்லை உண்டு, அது உங்கள் விடயத்தில் எப்படி எண்ணப்படும் என்பதை ஒரு சட்டத்தரணியிடமோ சட்ட உதவி ஆணைக்குழுவிலோ கேளுங்கள். நிச்சயமில்லை என்றாலும் உதவிக்குத் தடை இல்லை. தூக்கத்துக்கும் பயத்துக்கும் உடல் விறைப்பதற்கும் தரும் சிகிச்சைகள், இன்று உங்களைத் தொல்லைப்படுத்துவதில் இருந்துதான் தொடங்குகின்றன. அதற்குப் பின்னால் ஒரு சம்பவம் இருந்ததா என்று தீர்ப்பு வந்த பிறகுதான் தொடங்குவோம் என்று எந்த நல்ல சிகிச்சையாளரும் காத்திருக்க மாட்டார். உங்களுக்கு ஏதும் நடந்ததா இல்லையா என்பதை மட்டும் இங்கிருந்துகொண்டு என்னால் சொல்ல முடியாது, ஞாபகத்தில் உள்ள இடைவெளியை வைத்து யாராலும் சொல்ல முடியாது.